தாலி நிகாலோ

சாப்பாட்டு வண்டி வார்டு வாசலில் வந்து நின்றது. அவள் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டாள்.

முந்தின நாள் மத்தியானமும் அப்படித்தான். சாயங்காலமும் அப்படித்தான். கழுத்தைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். சோறு வேண்டாம். ரொட்டி வேண்டாம். முட்டை வேண்டாம். வண்டி நகர்ந்த பிறகுதான் கையை எடுப்பாள்.

பதினாலாம் நம்பர் கட்டில். பெயர் இசக்கியம்மாள். இருபத்திரண்டு வயது இருக்கும். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வாழ வந்தவள். வந்து இரண்டு வருஷம். அதில் ஒரு வருஷம் இருமல்.

நான் அந்தப் பெண்கள் வார்டில் ஆயா. படிப்பு ஐந்தாம் வகுப்பு. பேச்சும் குறைவுதான். பெயர் மட்டும் பேச்சியம்மாள்.

"பேச்சின்னு ஒனக்குப் பேர் வச்சவா யாருடீ? வாயைத் திறக்க மாட்டேங்கறயே" என்பார் ஒன்பதாம் நம்பர் கட்டில் அலமேலு மாமி. மாட்டுங்காக்காரர். அந்த வார்டில் இரண்டாவது வருஷம். எல்லாருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவதால் எனக்குச் சிரமம் இல்லை.

மல்லாந்து படுத்த இடம்

என் வீட்டுக்காரர் போனதையும், அதன் பிறகு நான் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனதையும் போன வாரம் எழுதினேன். ஐரோலியில் என் மகன் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண் அதைப் படித்திருக்கிறாள். "டி.பி. ஆஸ்பத்திரியா? எப்படி ஆன்ட்டி இருந்தீங்க, பாவம்" என்றாள்.

பாவம் ஒன்றும் இல்லை. அங்கே சிரித்த அளவுக்கு நான் வேறு எங்கும் சிரித்ததில்லை.

செம்பூரைத் தாண்டி இருந்தது அது. அப்போது அந்தப் பக்கம் வெட்டவெளி. ஓடு போட்ட நீளமான கட்டடங்கள். பாதிச் சுவர்தான், மேலே திறந்தே இருக்கும். காற்றுதான் முதல் மருந்து என்பார்கள். மழைக்காலத்தில் சாரல் கட்டில் வரை வரும். கட்டிலை நடுவே இழுத்துப் போட்டுக்கொண்டு கதை பேசுவோம்.

வந்தால் ஒரு வருஷம், இரண்டு வருஷம். தினம் ஊசி. கசப்புப் பொடி. மற்ற நேரமெல்லாம் படுக்கை. பால், முட்டை, மறுபடியும் பால்.

தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் கிடப்போம். ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். ஒருத்தி புரண்டால் எல்லாரும் புரள வேண்டும். "கல்யாணம் ஆன பிறகு இங்க வந்துதாம்லா மல்லாந்து படுத்தேன்" என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். சொந்தமாக ஒரு கட்டில், ஒரு தலையணை. அவளுக்கு நோய் போனதில்கூட அத்தனை சந்தோஷம் இல்லை.

சனிக்கிழமை எடை பார்ப்பார்கள். ஒரு ராத்தல் ஏறினால் வார்டே கை தட்டும். அதற்காகவே சில பேர் இரண்டு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து நிற்பார்கள். எடை மெஷினில் ஏறினதும் வயிறு தளும்பும் சத்தம் சிஸ்டருக்கே கேட்கும்.

வளாகத்தில் நாவல் மரங்கள் நிறைய. பழக் காலத்தில் தரையெல்லாம் ஊதா. ஒரு தடவை புதிதாக ஒரு சின்ன டாக்டர் வந்தார். எச்சில் குவளைகளைத் திறந்து பார்த்துவிட்டு, ஆறு குவளையில் ஊதா நிறம் என்று பதறிப் பெரிய டாக்டரைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தார். பெரிய டாக்டர் குவளையைப் பார்க்கவில்லை. வரிசையாக நாக்கை நீட்டச் சொன்னார். ஆறு ஊதா நாக்கு. மாமியுடையதும் உண்டு.

இப்போது அந்த ஆஸ்பத்திரி இல்லை. மருந்து வந்துவிட்டது, படுக்கை தேவையில்லை என்று மூடினார்கள். பிறகு இடித்தார்கள். அந்த இடத்தில் உயரமான வீடுகள் நிற்கின்றன. பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். எந்த மாடிக்குக் கீழே பெண்கள் வார்டு இருந்தது என்று கணக்குப் பிடிபடாது.

நிகாலோ என்றால்

இசக்கியிடம் வருகிறேன்.

மூன்று வேளை சாப்பிடவில்லை. அங்கே சாப்பிடாதவளுக்கு ஊசி தாங்காது. சிஸ்டர் என்னை அனுப்பினார். நீ உன் பாஷையில் கேள் என்றார்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அதனால் சும்மா உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே சொன்னாள்.

"யக்கா, இங்க தாலியக் கழட்டிக் குடுத்தாத்தான் சோறாம்லா? எனக்கு அந்தச் சோறு வேண்டாம். நான் பட்டினி கிடந்து சாவுதேன்."

எனக்குப் புரியவில்லை. யார் சொன்னது என்று கேட்டேன். சாப்பாட்டு வண்டியைக் காட்டினாள். வண்டி தள்ளுகிறவள் ஷாந்தாபாய். ரத்னகிரிக்காரி, பெரிய சரீரம், பெரிய குரல். வண்டியை நிறுத்திவிட்டு வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்துவாள். "தாலி நிகாலோ! அப்னி அப்னி தாலி நிகாலோ!"

தட்டை எடுத்து நீட்டுங்கள் என்று அர்த்தம். ஹிந்தியில் தட்டுக்குத் தாலி என்று பேர்.

தாராவியில் எங்கள் தெருவில் தமிழை விட்டால் வேறு பேச்சு கிடையாது. ஹிந்தி ஒரு சொல் தெரியாமல் ஒரு பெண் அங்கே பத்து வருஷம் குடித்தனம் நடத்தலாம். இசக்கிக்குத் தெரிந்த ஹிந்திச் சொல் ஒன்றே ஒன்று. அது 'நிகாலோ'. ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றைக்கு ரத்தம் எடுக்கிறவர் அவள் கண்ணாடி வளையலைத் தொட்டுக் காட்டி, "நிகாலோ, நிகாலோ" என்றிருக்கிறார். கழற்று என்று புரிந்துகொண்டு கழற்றியிருக்கிறாள். கைக்கு வந்த சொல் கழுத்துக்கு வந்துவிட்டது.

நான் அவள் தட்டை எடுத்துக் காட்டினேன். "இதுதான் அவளுக்குத் தாலி" என்றேன்.

இசக்கி தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்ப நம்ம தாலிக்கு அவிய என்ன சொல்லுவாவ?"

"மங்கள்சூத்ரம்."

"அதைச் சொல்லிருக்கலாம்லா, மூணு வேளச் சோறு போச்சே" என்றாள்.

மாமிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. சிஸ்டர் ஓடி வந்து திட்டினார். ஷாந்தாபாய்க்கு விஷயத்தைச் சொன்னதும் வாயில் கையை வைத்துக்கொண்டாள். அன்றைக்கு இசக்கி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

எங்கள் ஊர்ப் பக்கம் சாப்பிடுகிற தட்டுக்கு வட்டில் என்போம். அந்தச் சொல்லை ஷாந்தாபாய்க்குச் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் முதல் எங்கள் வார்டு வாசலில் மட்டும், "வட்டீல் நிகாலோ!" என்று கத்துவாள். மற்ற வார்டுக்காரர்கள் அதென்ன புதுப் பலகாரம் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

பல்லால் பிடித்தது

எட்டு மாதம் போயிற்று. இசக்கி பதினெட்டு ராத்தல் ஏறியிருந்தாள். கன்னம் வந்துவிட்டது. இருமல் இல்லை. எச்சில் பரிசோதனையில் மூன்று மாதமாக ஒன்றும் இல்லை.

இனி எக்ஸ்ரே ஒன்றுதான் பாக்கி. படம் சுத்தமாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் அறுவை. விலா எலும்பை எடுத்துவிட்டு நுரையீரலை அமுக்கி விடுவார்கள். அப்படி அறுத்துக்கொண்டு ஒரு பக்கம் தோள் சரிந்து நடக்கிறவர்கள் பக்கத்து வார்டில் இருந்தார்கள். இசக்கி தினமும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை. குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்காரர் சுடலைமுத்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பார். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்கிறவர். கையெல்லாம் வெந்திருக்கும். அவரும் என்னைப்போலப் பேச்சு குறைவு. குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டிவிட்டுப் போவார்.

எக்ஸ்ரே அறை வளாகத்தின் அந்தக் கோடியில். புதன்கிழமைதான் படம். பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், சட்டை மாற்றிவிட்டு, நகையைக் கழற்றச் சொல்வது என் வேலை. உலோகம் இருந்தால் படத்தில் வெள்ளையாக விழும்.

படம் எடுக்கிறவரைப் பெண்கள் படக்காரர் என்பார்கள். கோபக்காரர். ஆனால் வேலை சுத்தம்.

இசக்கி தாலியைக் கழற்றமாட்டேன் என்றாள். இங்கே சேருமுன் வெளியே எடுத்த படத்தில் தாலியோடே விட்டிருந்தார்கள். "அவிய சுண்ணாம்புத் தொட்டில நிக்காவ யக்கா. நான் இங்க கழட்டுனா அங்க கால் வழுக்கிட்டுன்னா?" வேண்டுமானால் வாயில் கவ்விக்கொள்கிறேன் என்றாள். படக்காரரும் போகட்டும் என்று விட்டார்.

தாலியைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் உள்ளேயிருந்து, மூச்சை இழு என்றார். இழுக்க வாயைத் திறந்தாள். தாலி விழுந்தது. நடு நெஞ்சில் வெள்ளை வெளேரென்று தாலியோடு படம் வந்தது.

படக்காரர் கத்தினார். ஃபிலிம் என்ன மரத்தில் காய்க்கிறதா என்றார். அடுத்த புதன் கழுத்தில் ஒன்றும் இல்லாமல் வந்தால்தான் படம், இல்லையென்றால் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

மாமியின் யோசனை

வார்டில் அதைப் பற்றித்தான் பேச்சு. ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் மாமி வழி சொன்னார்.

"தாலி அறுந்துபோனா, பத்தர் கிட்ட குடுத்துச் சரி பண்ற வரைக்கும் என்ன பண்ணுவோம்? மஞ்சக் கயித்துல ஒரு மஞ்சக் கிழங்கைக் கட்டிக்கறது இல்லையா? அதையே கட்டிக்கோ. மஞ்சள் என்ன, இரும்பா? படத்துல விழறதுக்கு?"

எல்லாருக்கும் சரியாகப் பட்டது. எனக்கும்தான்.

சமையல்கட்டில் ஷாந்தாபாயிடம் ஒரு விரலி மஞ்சள் வாங்கினேன். பெரிதாக இருந்தது. ஒரு முனையை ஒடித்துவிட்டு, ஒரு சின்னக் கிளை ஒட்டிக்கொண்டிருந்த துண்டை எடுத்துக்கொண்டேன். இசக்கி அதைக் கட்டிக்கொண்டாள். பிறகு தாலியைத் தலை வழியாகக் கழற்றி மாமியிடம் கொடுத்தாள். மாமி சுமங்கலி. இரண்டு கையிலும் பொத்தி வைத்துக்கொண்டார்.

எக்ஸ்ரே அறையில் மஞ்சளைப் படக்காரர் கண்ணில் படாமல் சட்டைக்குள் வலப்பக்கமாக ஒதுக்கிவிட்டேன். எல்லாம் எடுத்தாயிற்றா என்று கேட்டார். ஆம் என்றேன். அந்த ஆஸ்பத்திரியில் நான் சொன்ன முதல் பொய் அது.

இசக்கி மூச்சை இழுத்தாள். படம் எடுத்தார்கள். திரும்பி வரும் வழியில் அவள் பாட்டே முணுமுணுத்தாள். வார்டுக்கு வந்ததும் தாலியைப் போட்டுக்கொண்டு, மஞ்சளை அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கட்டின மஞ்சளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, துளசிச் செடியடியில் புதைக்க வேண்டும் என்று மாமி சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் துளசிச் செடி இல்லை.

பெரிய டாக்டர் அறை

இரண்டு நாள் கழித்துப் பெரிய டாக்டர் கூப்பிட்டார். இசக்கி ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். டாக்டர் சொல்வதை நான்தான் அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டினார். நல்ல மனிதர். அதிகம் சிரிக்கமாட்டார். பென்சிலால் ஒரு இடத்தைக் காட்டினார். பழைய இடமெல்லாம் ஆறிவிட்டது என்றார். ஆனால் வலப்பக்கம் புதிதாக ஒன்று பிடித்திருக்கிறது என்றார். இத்தனை மருந்துக்குப் பிறகும் புதிதாக வந்திருந்தால் அது மருந்துக்கு அடங்காத ஜாதி. இனி அறுப்பதைத் தவிர வழியில்லை. வருகிற மாதம் செய்துவிடலாம். இவளிடம் சொல்லு என்றார்.

"என்ன யக்கா சொல்லுதாரு?" என்றாள் இசக்கி.

நான் படத்துக்குப் பக்கத்தில் போனேன்.

"வீட்டுக்குப் போகலாமாமா?"

நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிழல் சுண்டு விரல் நீளம் இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன முண்டு. மேல் முனை மட்டம், ஒடித்த மாதிரி. நோய் அப்படி ஒடிந்து நிற்காது. ஒடித்தது நான்.

என் வேலை அப்போது நிரந்தரம் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இவரே கையெழுத்துப் போட்டால்தான் நீடிக்கும். வீட்டில் என் மகன் மூன்றாம் வகுப்பு. அதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனால் இசக்கியின் தோளைத்தான் பார்த்தேன். இரண்டும் சமமாக இருந்தன.

"சாப்" என்றேன். "வோ ஹல்தி ஹை."

அது மஞ்சள் என்று அர்த்தம்.

டாக்டர் திரும்பினார். "க்யா?"

"ஹல்தி."

இசக்கியின் முந்தானை முடிச்சை அவிழ்த்து மஞ்சளை எடுத்து மேஜையில் வைத்தேன். வாங்கிக்கொடுத்தது நான், மறைத்ததும் நான் என்றேன். மாமி பேரைச் சொல்லவில்லை.

டாக்டர் மஞ்சளை எடுத்துப் படத்தின் மேல் வைத்தார். இப்படித் திருப்பினார். அப்படித் திருப்பினார். ஒரு திருப்பில் நிழல் முழுவதும் மறைந்துவிட்டது. முண்டுக்கு முண்டு. ஒடித்த இடத்துக்கு ஒடித்த இடம்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். படக்காரரைக் கூப்பிட்டு, "இவளுக்கு நுரையீரலில் சாம்பார் கொதிக்கிறது, பார்" என்று காட்டினார்.

படக்காரர் சிரிக்கவில்லை. என்னை முறைத்தார்.

டாக்டரும் சிரிப்பை நிறுத்தினார். என்னிடம் சொன்னார்: "ஒரு மஞ்சளுக்காக ஒரு பெண்ணின் எலும்பை எடுத்திருப்பேன். தெரிகிறதா?"

தெரிகிறது என்றேன்.

இப்போதே படம் எடுங்கள், கழுத்தில் ஒரு நூல்கூட இருக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். மஞ்சளுக்குக் கீழே உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா என்று அந்தப் படம்தான் சொல்லும்.

கதவுக்கு வெளியே

நடக்கும்போதே இசக்கியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறுவை என்றதையும் சொன்னேன். அவள் எக்ஸ்ரே அறை வாசல் வரை தாலியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

வாசலில் நின்றாள். "எவ்வளவு நேரம் யக்கா?"

"ஒரு மூச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தலை வழியாகத் தாலியைக் கழற்றினாள். என்னிடம் நீட்டினாள்.

நான் கையை எடுத்துவிட்டேன். நான் தாலி அறுத்தவள். எங்கள் தெருவில் ஒரு கல்யாண வீட்டிலும் நான் முன்னால் போய் நிற்பது கிடையாது. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. நானே போவதில்லை. "இரி, ஷாந்தாபாயக் கூப்பிடுதேன்" என்றேன்.

"எனக்கு எலும்பு போகாம இருக்கணும்னு வேல போனாலும் போகட்டும்னு சொன்னது நீங்க" என்றாள். "ஷாந்தாபாயா சொன்னா? பிடிங்க. ஒங்க கையில இருந்தா அவியளுக்கு ஒண்ணும் ஆகாது."

வாங்கினேன். அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அவள் உடம்புச் சூடு அதில் இருந்தது. மஞ்சள் கயிறு வியர்வையில் நனைந்திருந்தது. உள்ளே படக்காரர், மூச்சை இழு என்றார். வெளியே நானும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் விடு என்கிற வரை விடவில்லை.

வெளியே வந்து என் முன்னால் தலையைக் குனிந்தாள். கையில் கொடுத்தேன். வாங்கவில்லை. குனிந்தபடியே நின்றாள். நானே போட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலமே கழுவின ஈரம் காயாத படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் வார்டுக்கே வந்தார். பதினாலாம் நம்பர் கட்டிலுக்கு முன்னால் நின்று ஒரே சொல் சொன்னார். "சாஃப்."

சுத்தம். அதை யாரும் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எட்டு மாதத்தில் இசக்கி அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டிருந்தாள். ஷாந்தாபாய் கரண்டியால் அண்டாவைத் தட்டினாள். மாமி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "என் பேரைச் சொல்லாம விட்டியே, ஒன் வாய்க்கு ஒரு நமஸ்காரம்டீ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இசக்கி கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் போனாள். குழந்தை முதலில் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பிறகு தாலியைப் பிடித்து இழுத்தது. சுடலைமுத்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பேசவில்லை. நானும் பேசவில்லை. நன்றாக இருந்தது.

புதன்கிழமைகள்

அடுத்த புதன் எக்ஸ்ரேக்கு நான்கு பெண்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் முதலில் நின்றவள் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் வைத்தாள். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. அடுத்தவளும் வைத்தாள்.

அது அப்படியே வழக்கமாகிவிட்டது. ஆஸ்பத்திரியை மூடும் வரை புதன்கிழமை காலையில் நான் அந்தக் கதவுக்கு வெளியே நிற்பேன். வலது மணிக்கட்டில் ஐந்து, ஆறு தொங்கும். மாமியுடையது கனமான தங்கச் சங்கிலி. தாராவிப் பெண்களுடையது மஞ்சள் கயிறு. மேரி டீச்சருடையதில் சிலுவை இருக்கும். காயல்பட்டினத்து பாத்திமாவுடையது கருகமணி. ஷாந்தாபாயின் தங்கை வந்து படுத்தபோது அவளுடையதும் கறுப்பு மணிதான். இரண்டும் ஒன்று போலத் தெரியும். மணியின் பருமன் வேறு.

படக்காரர் தலையை நீட்டி, "பேச்சிபாய், சப் ஆ கயா?" என்பார். எல்லாம் வந்தாயிற்றா என்று. நான் கையைத் தூக்கிக் காட்டுவேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவார்.

உள்ளே ஒவ்வொருத்தியாக மூச்சை இழுப்பாள். வெளியே நானும் இழுத்துக்கொள்வேன். ஆறு பேர் என்றால் ஆறு தடவை.